மெஷின் வருவதற்கு முன்பே முடிவாகிவிடும் தரை

வீடு கட்டுகிறவர்கள் தரையைப் பற்றி யோசிப்பது பெரும்பாலும் கடைசியில்தான். பூச்சு வேலை முடிந்து, பெயின்டர் பட்டி பார்க்கத் தொடங்கிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு டைல்ஸ் கடைக்குப் போவோம். பிடித்த டிசைனைக் காட்டி, சதுர அடி என்ன விலை என்று கேட்டு, அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருவோம். டைல்ஸுக்கும் கிரானைட்டுக்கும் அந்த வரிசை சரி. பாலிஷ் கான்கிரீட்டுக்கு அது ஒத்துவராது. "சிமென்ட் தரைதானே, வீடு முடிந்ததும் ஆள் கூப்பிட்டு பாலிஷ் போட்டுக்கொள்ளலாம்" என்று நினைப்பவர்கள்தான் இதில் பணத்தைத் தொலைக்கிறார்கள்.

காபிக் கடை, துணிக் கடை, ஐ.டி. அலுவலகம், உடற்பயிற்சிக் கூடம் என்று சாம்பல் நிறத்தில் பளபளக்கும் இந்தத் தரையை இப்போது நம் ஊர்களில் அடிக்கடி பார்க்கிறோம். வீடுகளுக்கும் வந்துவிட்டது. பார்த்தவர்களுக்குப் பிடித்துப்போகிறது. பிடித்துப்போவதில் தப்பில்லை, இணைப்புக் கோடுகள் குறைவு, இடுக்குகளில் அழுக்கு சேராது, கோடையில் வெறும் காலுக்குக் குளிர்ச்சி, ஒழுங்காகப் போட்டால் பல ஆண்டு உழைக்கும். ஆனால் இந்தத் தரையின் அழகும் ஆயுளும் கான்கிரீட் ஊற்றும் அன்றைக்கும் அதையடுத்த இரண்டு வாரத்துக்குள்ளும் முடிவாகிவிடுகின்றன. பின்னால் வரும் வைர மெஷின் செய்வது, உள்ளே இருப்பதை வெளியே காட்டுவது மட்டுமே. நல்லது இருந்தால் நல்லது தெரியும். கொத்தனார் அவசரப்பட்டிருந்தால் அதுவும் தெரியும்.

நம் ஊருக்குப் பழகிய வேலை

இதை ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று ஒதுக்கவும் வேண்டாம், புதுமை என்று மயங்கவும் வேண்டாம். சிமென்ட் தரையை மெருகேற்றும் கலை நமக்குத் தெரிந்ததுதான். பாட்டி வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் இருந்த சிவப்புத் தரையை நினைத்துப் பாருங்கள். சிமென்டோடு ரெட் ஆக்ஸைடு கலந்து, ஈரம் இருக்கும்போதே கரணையால் இழைத்து இழைத்துப் போட்டது. தேங்காய் எண்ணெயும் மெழுகும் துடைப்பும் மனிதக் காலடிகளும் சேர்ந்து வருடக் கணக்கில் அதைக் கண்ணாடியாக்கின. காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடிக் கல்லும் அப்படித்தான். சூளையில் சுடுவதே இல்லை. கண்ணாடியின் மேல் வைத்த அச்சில் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. மினுமினுப்பு கண்ணாடி தந்தது. உறுதி தண்ணீர் தந்தது.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கட்டிய வீடுகளில் மொசைக் தரை வந்தது. சலவைக்கல் சில்லுகளை சிமென்டில் கலந்து பரப்பி, இறுகிய பின் பாலிஷ் மெஷின் ஓட்டுவார்கள். வீடு முழுக்க சாம்பல் நிறக் குழம்பு ஓட, ஓர் ஆள் மெஷினைப் பிடித்து வலமும் இடமுமாக ஆட்டிக்கொண்டிருந்த காட்சி நாற்பது வயதைத் தாண்டிய பலருக்கு நினைவிருக்கும். இன்றைய பாலிஷ் கான்கிரீட் அந்த வேலையின் அடுத்த கட்டம். அன்று கார்பொரண்டம் கல். இன்று தொழிற்சாலையில் செய்த வைரத் துகள் பதித்த வட்டுகள். அன்று தரைக்கென்று தனியாகச் சில்லு. இன்று கான்கிரீட்டில் இருக்கும் ஜல்லியும் மணலுமே அழகு. இதற்கு மேல் ஒரு ரசாயனமும் சேர்ந்திருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரே பெயரில் விற்கும் பல சரக்குகள்

பாலிஷ் கான்கிரீட் என்று சொல்லி இன்று சந்தையில் குறைந்தது நான்கு வேலைகள் நடக்கின்றன. முதலாவது, அசல்: கெட்டியான கான்கிரீட்டையே வைர வட்டுகளால் படிப்படியாகத் தேய்த்து மெருகேற்றுவது. மேலே எந்தப் பூச்சும் நிற்காது. இரண்டாவது, ஓரளவு தேய்த்துவிட்டு மேலே அக்ரிலிக் அல்லது பாலியூரிதேன் சீலர் அடிப்பது. பளபளப்பு அந்தப் பூச்சினுடையது. நாற்காலி இழுத்தால் கீறல் விழும், சில ஆண்டில் நடைபாதை மட்டும் மங்கும், உரித்து மறுபடி அடிக்க வேண்டும். மூன்றாவது, மைக்ரோ சிமென்ட்: பழைய டைல்ஸ் மேலேயே இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசுவது. நான்காவது எபாக்ஸி, அது பிசின், கான்கிரீட்டே அல்ல.

இவற்றில் எதுவும் மோசடி இல்லை. தேவைக்கு ஏற்ப எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. குடியிருக்கும் அடுக்குமாடி ஃபிளாட்டில் தரையின் உயரத்தைக் கூட்ட முடியாதவர்களுக்கு மைக்ரோ சிமென்ட்தான் வழி. ஆனால் ஒன்றின் விலையைக் கொடுத்து இன்னொன்றை வாங்கக் கூடாது. ஒப்பந்தக்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: "எத்தனை கிரிட் வரை தேய்ப்பீர்கள்? கடைசியில் மேலே என்ன அடிப்பீர்கள்?" கிரிட் என்பது வட்டின் நுண்மையைக் குறிக்கும் எண்; அதைச் சொல்லத் தெரியாதவர் பளபளப்பை டப்பாவிலிருந்துதான் எடுக்கப்போகிறார்.

பழைய வீட்டில் டைல்ஸைப் பெயர்த்துவிட்டு அடியில் இருப்பதை பாலிஷ் போடலாமா என்று கேட்பவர்கள் அதிகம். பெரும்பாலும் முடியாது. டைல்ஸுக்கு அடியில் இருப்பது சிமென்ட்டும் மணலும் கலந்த கலவைப் படுகை. அதில் ஜல்லியும் இல்லை, வலுவும் இல்லை. மெஷின் வைத்தால் உதிரும். அதற்கும் கீழே இருக்கும் ஆர்.சி.சி. தளத்தைத் தேய்க்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கம்பிக்கு மேலே இருக்கும் கான்கிரீட் மறைப்பு, பாதிப்பு மிகக் குறைந்த சூழலில்கூட குறைந்தது 20 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது இந்தியக் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456. கடலோரத்தில் இன்னும் அதிகம். ஜல்லி தெரியும் அளவுக்குத் தேய்த்தால் அதில் சில மில்லிமீட்டர் போய்விடும். உப்புக் காற்று வீசும் ஊரில் கம்பியின் காப்பைக் குறைத்துக் கொள்வது வீட்டின் எலும்பிலேயே கை வைப்பது. மாடியில் இந்தத் தரை வேண்டுமென்றால் தளத்தின் மேல் தனியாக ஒரு கான்கிரீட் அடுக்கு போட வேண்டும். 50 மில்லிமீட்டர் அடுக்கு சதுர மீட்டருக்கு சுமார் 120 கிலோ. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றுக்கு மட்டும் 1,300 கிலோவுக்கு மேல். இந்தப் பாரம் கட்டட இன்ஜினீயரின் கணக்கில் முதலிலேயே இருந்தாக வேண்டும்.

கான்கிரீட் ஊற்றும் நாள்

தரைத்தளத்தில் எல்லாம் மண்ணிலிருந்து தொடங்குகிறது. பேஸ்மென்டுக்குள் கொட்டிய மண்ணை ஒரே மூச்சில் நிரப்பி, மேலே தண்ணீர் விட்டு "தானாகவே இறங்கிவிடும்" என்று விட்டால், அது இறங்கும். தரை போட்ட பிறகும் இறங்கும். அரை அடி, அரை அடியாக நிரப்பி, நனைத்து, மெஷினால் இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். டைல்ஸ் தரையில் இந்தக் குறை ஒரு டைல் உடைவதோடு போகும், மாற்றலாம். இங்கே நடுக்கூடத்தில் ஒரு கோடு ஓடும், அதை மாற்ற வழியில்லை. மதுரை, விருதுநகர், கோவை மாவட்டங்களின் கரிசல் மண்ணில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்கும் அந்த மண்ணின் மேல் நேரடியாகத் தரை போடுவதற்கு முன் மண் பரிசோதனையும் இன்ஜினீயரின் யோசனையும் கட்டாயம்.

கரையான் மருந்து, குழாய்கள், எலெக்ட்ரிக் பைப், கழிவுநீர் லைன் எல்லாம் இப்போதே முடிய வேண்டும். பிறகு ஒரு இடத்தில் வெட்டினாலும் அந்த ஒட்டு ஆயுள் முழுக்கத் தெரியும். மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே 250 மைக்ரான் பாலித்தீன் ஷீட் விரியுங்கள். ஈரம் மேலேறி உப்புப் பூப்பதைத் தடுப்பது அதுதான். சென்னைக் கடற்கரைப் பக்கம் இதை விட்டவர்கள் ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் தரையில் வெள்ளைப் பொடியைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கான்கிரீட் எம்25-க்குக் குறையக் கூடாது. எம்30 என்றால் இன்னும் நல்லது. கனம், வீட்டுத் தரைக்கு 100 மில்லிமீட்டர் வைத்துக்கொள்ளலாம். இங்கே நம் வேலையிடங்களின் இரண்டு பழக்கங்களைத் தடுத்து நிறுத்த வேண்டும். ரெடிமிக்ஸ் லாரி வந்து நின்றதும், "கலவை கெட்டியா இருக்கு, இழுக்க முடியல" என்று டிரம்முக்குள் ஹோஸைச் செருகுவது முதல் பழக்கம். கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு வாளித் தண்ணீரும் மேல்பரப்பைப் பலவீனமாக்கும், பின்னால் சுருங்கி வெடிப்பைக் கொண்டுவரும். இளக்கம் வேண்டுமென்றால் பிளாண்டிலேயே அதற்கான ரசாயனத்தைச் சேர்த்து அனுப்பச் சொல்லலாம். இரண்டாவது பழக்கம், மேலே தண்ணீர் கசிந்து நிற்கும்போது காய்ந்த சிமென்டைத் தூவி இழைத்து மழமழப்பாக்குவது. சாதாரண சிமென்ட் தரையில் காலங்காலமாகச் செய்வதால் கொத்தனார்கள் இதை நல்ல வேலை என்றே நம்புகிறார்கள். வைர வட்டு பட்டதும் அந்தத் தோல் பொரிந்து உரியும். கசிந்த நீர் தானாக வற்றும்வரை பொறுத்திருந்து, பிறகு பவர் ட்ரோவல் என்ற மெஷின் கரணையை ஓட்டுவதே சரி.

ஊற்றும் நேரமும் முக்கியம். அக்னி நட்சத்திர வெயிலில் காலை பதினொரு மணிக்கு ஊற்றிய கான்கிரீட் கண் முன்னாலேயே மேல்தோல் காய்ந்து, கோழிக் கால் போலக் கீறல் விடும். விடியற்காலையோ சாயங்காலமோ ஊற்றுங்கள். காற்று அதிகமாக இருந்தால் தார்ப்பாய் கட்டி மறையுங்கள்.

கான்கிரீட் சுருங்கும். யாராலும் அதைத் தடுக்க முடியாது. எங்கே பிளக்க வேண்டும் என்று நாம்தான் அதற்கு வழி சொல்ல வேண்டும். அதற்குத்தான் மறுநாளுக்குள் கட்டர் மெஷினால் கோடு வெட்டுவது. கனத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு ஆழம். 100 மில்லிமீட்டர் தரையில் சுமார் எட்டு முதல் பன்னிரண்டு அடிக்கு ஒரு கோடு. தூண் மூலையிலிருந்தும் வாசல் நிலையின் மூலையிலிருந்தும் விரிசல் கிளம்பும் என்பதால் கோடுகள் அந்த மூலைகளைத் தொட்டுப் போக வேண்டும். இதை ஆர்க்கிடெக்ட்டுடன் உட்கார்ந்து பிளானிலேயே வரைந்துவிடுங்கள். வாசல்படிக்கு நேராக, ஜன்னலுக்கு இணையாக வரும் கோடு கண்ணுக்கு அழகாகவே இருக்கும். அப்படியும் மயிரிழை விரிசல் ஒன்றிரண்டு வரலாம். "ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது" என்று நினைப்பவர்களுக்கு இந்தத் தரை வேண்டாம். அவர்கள் நல்ல விட்ரிஃபைடு டைல்ஸ் போட்டுக்கொள்வதே நிம்மதி.

பிறகு க்யூரிங். சாதாரண ஓ.பி.சி. சிமென்ட்டுக்கு குறைந்தது 7 நாள் ஈரம் வேண்டும், வறண்ட வெயில் காலத்தில் 10 நாள், சாம்பல் கலந்த பி.பி.சி. என்றால் 14 நாள் என்பது ஐ.எஸ். 456-ன் பரிந்துரை. எண்ணிக்கையைவிட சீராக நனைப்பது இங்கே முக்கியம். மொட்டை மாடித் தளத்துக்குச் செய்வதுபோல மண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கினால், வரப்பு இருந்த இடம் கறையாக நின்றுவிடும். சாக்குப் பையை இங்கொன்றும் அங்கொன்றுமாகப் போட்டு நனைத்தால் அதன் அச்சு திட்டுத் திட்டாகத் தெரியும். முழுப் பரப்பிலும் ஒரே சீராக விரித்த ஈரத்துணியே பாதுகாப்பு. தரையின் மேல் துருப்பிடித்த கம்பிக் கட்டைப் போட்டுவைத்தால் மழைக்குப் பிறகு பழுப்புக் கோடு நிற்கும். வெற்றிலை எச்சிலும், மிக்ஸர் மெஷினிலிருந்து சொட்டும் டீசலும், சாரம் கட்டிய சவுக்குக் கட்டையின் சாறும் அப்படித்தான். இந்தத் தரை வேலையில் முதலில் வந்து கடைசியில் முடிகிறது. நடுவில் உள்ள ஆறேழு மாதம் அதன் மேல்தான் மற்ற எல்லா வேலையும் நடக்கும். பிளைவுட் அல்லது கெட்டியான பாதுகாப்பு ஷீட்டுக்கு ஒதுக்கும் பணம் வீண் செலவல்ல.

தேய்ப்பதும் இறுக்குவதும்

கான்கிரீட் போட்டு குறைந்தது 28 நாள் கழித்து மெஷின் வரலாம். பெரிய மெஷின்களுக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் வேண்டும். கட்டட வேலைக்கு வாங்கிய தற்காலிக சிங்கிள் ஃபேஸ் இணைப்பு போதாமல் கடைசி நேரத்தில் ஜெனரேட்டர் தேடுவது பல இடங்களில் நடக்கிறது. முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

முதல் ஓட்டம் 30, 40 கிரிட் உலோக வட்டுகளில். எவ்வளவு ஆழம் போவது என்பதை இங்கே தீர்மானிக்க வேண்டும். மேலே படிந்த சிமென்ட் பாலை மட்டும் லேசாக எடுத்தால் மேகம் படர்ந்ததுபோன்ற வெறும் சாம்பல். இன்னும் சற்று இறங்கினால் மணல் துகள்கள் உப்பும் மிளகும் தூவியதுபோலத் தெரியும். மேலும் சில மில்லிமீட்டர் இறங்கினால் ஜல்லி முழுசாக முகம் காட்டும். ஜல்லி தெரியவேண்டும் என்றால் எந்த குவாரிக் கல் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. சென்னையைச் சுற்றிக் கிடைக்கும் கருநீலக் கல் உலகப் புவியியல் நூல்களில் சார்னோகைட் என்று பெயர் பெற்றது. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருந்த கல்லைப் பார்த்து 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் வைத்த பெயர் அது. அந்தக் கல் போனது இங்கே பரங்கிமலைப் பக்கத்திலிருந்து. பல்லாவரத்துக்காரர் ஒருவர் வீட்டுத் தரையில் ஜல்லியைத் திறந்து பார்த்தால் தெரிவது, அவர் ஊர் மலையின் உட்புறம். எனக்கு இந்தத் தரையில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். இறக்குமதி மார்பிளால் இதைத் தர முடியாது.

முதல் ஓட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. கான்கிரீட் கெட்டியாக இருந்தால் மிருதுவான பிணைப்பு உள்ள வட்டும், கான்கிரீட் மிருதுவாக இருந்தால் கெட்டியான பிணைப்பு உள்ள வட்டும் போட வேண்டும். கேட்கத் தலைகீழாக இருக்கும். கெட்டித் தரையில் வைரம் மழுங்கிப்போகும். பிணைப்பு சீக்கிரம் தேய்ந்தால்தான் புது வைரம் வெளியே வரும். மிருதுவான தரையின் மணல் பிணைப்பையே அரித்துத் தின்னும். அங்கே அது தாக்குப்பிடிக்க வேண்டும். இதைப் புரிந்த ஆபரேட்டர் முதலில் ஒரு மூலையில் ஓட்டிப் பார்த்து வட்டை மாற்றுவார். நேராக நடு ஹாலில் இறங்குபவரை நிறுத்துங்கள்.

80, 150 என்று ஓட்டங்கள் நகரும்போது சிறு துளைகளை கிரவுட் வைத்து நிரப்புவார்கள். பிறகு டென்சிஃபையர் என்ற இறுக்கி மருந்து. சோடியம் அல்லது லித்தியம் சிலிகேட் கரைசல் அது. சிமென்ட் தண்ணீரோடு சேரும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற சுண்ணாம்பு உபரியாக மிஞ்சுகிறது. சிலிகேட் உள்ளே ஊறி, அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து, சிமென்டுக்கு வலுத் தருகிற அதே கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட்டாக மாறுகிறது. மேல்பரப்பு இறுகுகிறது, தூசி உதிர்வது நிற்கிறது. பி.பி.சி. சிமென்டில் நிலக்கரிச் சாம்பல் அந்தச் சுண்ணாம்பில் ஒரு பகுதியை முன்பே எடுத்துக்கொள்வதால் மருந்துக்கு வேலை குறையும். அதற்காக பி.பி.சி. கூடாது என்பதில்லை. எந்த சிமென்ட் போட்டோம் என்பதை பாலிஷ் போடுபவரிடம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அதன்பின் ரெசின் வட்டுகள்: 100, 200, 400, 800. விருப்பப்பட்டால் 1500, 3000. ஒவ்வொரு வட்டும் முந்தைய வட்டின் கீறலை அழிக்கிறது. நடுவில் ஒரு படியைத் தாண்டினால் சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது வட்ட வட்டக் கீறல்கள் தெரியும். அப்போது கண்டுபிடித்துப் பயனில்லை. சுவரோரம் பெரிய மெஷின் எட்டாது, கையடக்க கிரைண்டரில் தேய்ப்பார்கள். நல்ல ஆளையும் சுமாரான ஆளையும் பிரிப்பது இந்த ஓரம்தான். ஒருவர் முன்பு செய்த வேலையைப் பார்க்கப் போனால் நடு ஹாலைப் பார்க்காதீர்கள், மூலையில் குனிந்து பாருங்கள்.

சமையலறையும் பூஜை அறையும்

வீட்டுக்கு 400-லிருந்து 800 கிரிட் வரை போதும் என்பது என் தீர்மானமான கருத்து. 3000 வரை தேய்த்த கண்ணாடிப் பளபளப்பு ஷோரூமுக்கு. வீட்டில் அது ஒவ்வொரு தண்ணீர்ச் சொட்டையும் காட்டும். ஈரத்தில் வயதானவர்கள் நடக்க அஞ்சுவார்கள். குளியலறை, துவைக்கும் இடம், மழைச்சாரல் விழும் முன்வாசல் ஆகியவற்றில் பாலிஷ் வேண்டாம். அங்கே வாட்டம் சரியாக வைத்து சொரசொரப்பான கல் போடுங்கள்.

அமிலம் இந்தத் தரையின் பகை. புளிக்கரைசல், எலுமிச்சை, தக்காளி, மோர், ஊறுகாய் எதுவானாலும் சிந்திக் கிடந்தால் அந்த இடம் மங்கிவிடும். கடைசியில் அடிக்கும் ஸ்டெயின் கார்டு என்ற கறைத் தடுப்பு மருந்து, துடைக்க அவகாசம் தரும். விடிய விடியக் காக்காது. டாய்லெட் ஆசிட்டை ஊற்றிக் கழுவும் பழக்கம் இருந்தால் இந்தத் தரையைத் தொடவே வேண்டாம். வேலைக்கு வரும் அக்காவிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். தெரியாமல் செய்துவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. அமிலமும் காரமும் இல்லாத நடுநிலைக் கிளீனரும் தண்ணீரும் போதும்.

பூஜை அறையில் குத்துவிளக்கு எண்ணெய் ஊறினால் கறை. கீழே தட்டு வையுங்கள். அரிசிமாவுக் கோலம் எந்தத் தொந்தரவும் செய்யாது. செம்மண் பட்டை கட்டாதீர்கள், அது இறங்கிவிடும். மஞ்சளும் குங்குமமும் அதே கதைதான். இவையெல்லாம் பெரிய கட்டுப்பாடாகத் தோன்றினால், சமையலறைக்கும் பூஜை அறைக்கும் கிரானைட்டோ விட்ரிஃபைடு டைல்ஸோ போட்டு, கூடத்துக்கும் படுக்கையறைக்கும் மட்டும் கான்கிரீட்டை வைத்துக்கொள்ளலாம். வீடு முழுக்க ஒரே தரை இருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றுமில்லை.

நிறம் வேண்டுமானால் கான்கிரீட்டிலேயே இரும்பு ஆக்ஸைடு கலப்பது நம்பகமானது. பாட்டி வீட்டுச் சிவப்பு வெயிலில் வெளுக்காமல் இருந்ததன் காரணம் அதுவே. தேய்த்த பிறகு தெளிக்கும் டை வகைகள் பல, ஜன்னலோர வெயிலில் மங்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது கடினமான தரை. விழுந்த தம்ளர் உடையும், மூட்டுவலிக்காரர் நாள் முழுக்க நின்று சமைக்க முடியாது, காலி அறையில் பேச்சு எதிரொலிக்கும். டைல்ஸும் கிரானைட்டும் இதே கடினம்தான் என்றாலும், ஒரு பாய், ஒரு ஜமுக்காளம், கனமான திரைச்சீலை இங்கே அவசியம்.

கடைக்கும் கம்பெனிக்கும்

தொழிலிடங்களில் கணக்கு வேறு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் குடோன்களில் ட்ரிமிக்ஸ் தரை பழகிய விஷயம்: ஊற்றிய கான்கிரீட்டின் மேல் பாய் விரித்து, பம்ப் வைத்து உபரித் தண்ணீரை உறிஞ்சி, பவர் ட்ரோவலால் இறுக்குவது. அதன் மேல் டென்சிஃபையரும் பாலிஷும் சேர்ந்தால் ஃபோர்க்லிஃப்ட் ஓடினாலும் தூசி எழாது. திருப்பூர் பனியன் கம்பெனியில் வெள்ளைத் துணி மேல் சிமென்ட் பொடி படிவது எவ்வளவு நஷ்டம் என்று அவர்களுக்குத் தெரியும். வெளிர் நிறத் தரை விளக்கொளியைத் திருப்பி அனுப்புவதால் வெளிச்சமும் கூடும். துணிக்கடை, புத்தகக்கடை, அலுவலகம், கார் ஷோரூம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

பால் பண்ணை, ஊறுகாய்க் கம்பெனி, ஹோட்டல் சமையற்கட்டு ஆகியவற்றுக்குப் பொருந்தாது. லாக்டிக் அமிலமும் வினிகரும் சூடான எண்ணெயும் கான்கிரீட்டை அரித்துவிடும். அங்கே பாலியூரிதேன் கான்கிரீட் வகைகள்தான் தாங்கும். ஆபரேஷன் தியேட்டருக்கும் இது வேண்டாம். சுவரோடு வளைந்து ஏறும் இணைப்பில்லாத தரை அங்கே தேவை. வாடகைக் கட்டடத்தில் கடை வைப்பவர்கள் ஏற்கெனவே இருக்கும் கான்கிரீட்டைத் தேய்ப்பதற்கு முன், ஒன்றரை அடிச் சதுரத்துக்கு பாலித்தீன் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு இரவு முழுக்க, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவைத்துப் பிரித்துப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தால் கீழிருந்து ஈரம் ஏறுகிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே செலவழிக்கும் பணம் நிற்காது.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

ஒப்பந்தம் பேசும்போது சதுர அடி ரேட்டை மட்டும் ஒப்பிடாதீர்கள். எத்தனை கிரிட் வரை, எந்த அளவு ஜல்லி தெரிய வேண்டும், டென்சிஃபையர் எத்தனை கோட், ஓர வேலை ரேட்டுக்குள் சேருமா, வெட்டிய கோடுகளை நிரப்புவது யார் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். பத்துக்குப் பத்து அடியில் மாதிரி ஒன்று அதே இடத்தில், அதே கான்கிரீட்டில் செய்துகாட்டச் சொல்லுங்கள். கடையில் காட்டும் மாதிரிப் பலகையோடு உங்கள் தரை ஒருநாளும் ஒத்துப்போகாது. கொத்தனாரையும் பாலிஷ்காரரையும் ஊற்றும் நாளுக்கு முன்பே ஒருமுறை நேரில் சந்திக்க வையுங்கள். தரை கெட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவது இந்தத் தொழிலின் தீராத வழக்கு; அதற்கு முன்மருந்து இந்தச் சந்திப்பு மட்டும்தான்.

ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வரி கட்டாயம் சேர வேண்டும். கான்கிரீட்டைத் தேய்க்கும்போது கிளம்பும் தூசியில் சிலிகா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் என்ற நோயைத் தருகிறது. அதற்கு மருந்தில்லை. நம் தொழிலாளர் சட்டம் அதைத் தொழில்சார் நோயாக ஏற்றிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சிலிகா தூசியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, வெள்ளையாகப் பொடி பறக்க மூலைகளில் கிரைண்டர் ஓட்டும் பையன்களை எத்தனையோ வேலையிடங்களில் பார்க்கிறோம். கைக்குட்டை இந்தத் தூசியை நிறுத்தாது. தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும், அல்லது ஹெப்பா ஃபில்டர் உள்ள வாக்குவம் மெஷினோடு இணைத்துத் தேய்க்க வேண்டும். இரண்டிலும் கிரைண்டர் பிடிப்பவருக்கு எதிரே தூசி பெருமளவு குறையும், முழுதாக நிற்காது. அதற்கு மேல் முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் நல்ல மாஸ்க் வேண்டும். கொஞ்சம் செலவு கூடும். அதைக் கொடுங்கள். தேய்ப்பு தொடங்கும் அன்று காலை நீங்களே நேரில் போய், வாக்குவம் ஓடுகிறதா, தண்ணீர் போகிறதா, எல்லார் முகத்திலும் மாஸ்க் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.